மிதுனாவின் எடை

போத்தனூரிலிருந்து செட்டிபாளையம் போகிற ரோட்டில், கார்ப் பந்தயம் நடக்கிற மைதானத்துக்குக் கொஞ்சம் முன்னால், பிலோமினாவின் டயர் கடை இருந்தது. பதினாறு வருஷம் ஒரு பந்தயக் குழுவுக்கு டயர் மாட்டிக் கொடுத்தவள் அவள். குழுவைக் கலைத்தபோது மற்றவர்கள் கோப்பைகளையும் ஜாக்கெட்டுகளையும் எடுத்துக்கொண்டு போக, அவள் மட்டும் நான்கு எடைப் பலகைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். காரின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் ஒன்றை வைத்தால், எந்தச் சக்கரத்தில் எத்தனை கிலோ இறங்குகிறது என்று ஒரு சின்னத் திரையில் சிவப்பு எண்களில் காட்டும் பலகைகள் அவை.

தெய்வசிகாமணி பவுண்டரி வைத்திருந்தவர், பம்பு மோட்டாருக்கு வார்ப்பு ஊற்றுகிறவர். அவரிடம் சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே கதவு, இரண்டே இருக்கை, தொள்ளாயிரத்து அறுபது கிலோ எடை. அதற்கு நூற்றெண்பத்தைந்து மில்லிமீட்டர் அகல டயர்தான் அளவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நண்பர்கள் தன்னை வளைவில் முந்திவிட்டார்கள் என்று மறுநாளே பிலோமினாவிடம் வந்து, எட்டங்குல அகல ரிம்மும் இருநூற்றிருபத்தைந்து அகல டயரும் வேண்டும் என்றார்.

"சார், காஞ்ச ரோட்டுல அது சிங்கமுங்க," என்றாள் பிலோமினா. "ஆனா உங்க வண்டி எடை கம்மி. அகலம் கூடுனா தண்ணியக் கிழிச்சுட்டு ரோட்டைப் பிடிக்காது, தண்ணிக்கு மேல ஏறிக்கும். பரிசல் மாதிரி ஆயிருமுங்க."

"கோயமுத்தூர்ல மழை எங்கீங்க்கா பேயுது?" என்று அவர் சிரித்தார்.

அவள் மறுபடி சொல்லவில்லை. மாட்டிக் கொடுத்தாள். கார் அகலக் கால் வைத்து நின்ற அழகைப் பார்க்க டீக்கடையிலிருந்து நாலு பேர் எழுந்து வந்தார்கள்.

அந்த ஐப்பசியில் மழை பெய்தது. மதுக்கரை தாண்டி, ரோட்டில் கண்ணாடி மாதிரி விரிந்து கிடந்த தண்ணீரின் மேல் கார் ஏறி, ஸ்டியரிங் கையில் இருந்தும் இல்லாமல் போய், ஒரு சிறு பாலத்தின் சுவரில் இடது பக்கமாக மோதியது. தெய்வசிகாமணிக்குக் காறையெலும்பு உடைந்தது. இடது இருக்கையில் இருந்த அவருடைய ஒரே மகள் மிதுனா இறந்துபோனாள். அவளுக்கு ஆறு வயதும் நான்கு மாதமும் ஆகியிருந்தது.

காரை இரும்புக்குப் போடுங்கள் என்றாள் அவர் மனைவி வசுமதி. அவரால் முடியவில்லை. மூன்று மாதம் கழித்து, தகரம் தட்டி, புதுக் கதவு வைத்து, புது வண்ணம் அடித்து, காரோடு வந்த பழைய ரிம்மையும் நூற்றெண்பத்தைந்து அகல டயரையும் போட்டுக்கொண்டு அவர் பிலோமினாவின் கடைக்கு வந்து நின்றபோது, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இடது பக்கம் இழுக்குதுங்க்கா," என்றார்.

அவள் காரைப் பலகைகளின் மேல் ஏற்றினாள். காருக்குள் யாரும் இல்லை. ஆனாலும் தொள்ளாயிரத்து எண்பது என்று காட்டியது. ஜாக்கியை எடுத்தாள், ஸ்டெப்னியை எடுத்தாள், டேங்கிலிருந்த பெட்ரோலை இறக்கினாள், எடுத்ததையெல்லாம் கழித்துக் கணக்குப் பார்த்தாள். அப்படியும் இருபது கிலோவும் நூறு கிராமும் மிஞ்சியது. இடது இருக்கையைக் கழற்றி வெளியே வைத்தாள். இருக்கையின் எடை மட்டும் குறைந்தது. அந்த இருபது கிலோ, இருக்கை இருந்த இடத்திலேயே இருந்தது. அப்போது அவள் அவசரமாக, தவறு செய்துவிட்டவளைப் போல, இருக்கையைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டினாள்.

தெய்வசிகாமணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்கூல் கார்டுல பத்தொம்பதரைன்னு போட்டிருந்தாங்க," என்றார்.

"அது போன வருஷமுங்க சார். இப்பக் கூடியிருக்கும்," என்றாள் பிலோமினா.

அவள் குனிந்து வேலையைத் தொடங்கினாள். இடது பக்க ஸ்பிரிங்கைக் கொஞ்சம் உயர்த்தினாள், இடது டயர்களில் இரண்டு பாயிண்ட் காற்றைக் கூட்டினாள், ஒரு பெரியவரும் ஒரு சின்னப் பெண்ணும் போகிற கார் எப்படி நேராக ஓட வேண்டுமோ அப்படி ஓடும்படி செய்துகொடுத்தாள்.

விஷயம் அன்று மாலைக்குள் ரோடு முழுவதும் தெரிந்துவிட்டது. யாரும் பயப்படவில்லை. சுந்தராபுரம் சிக்னலில் நிற்கிற போக்குவரத்துக் காவலர் நல்லமுத்து, மறுநாளே காரை ஓரங்கட்டச் சொல்லி, "புள்ளைக்கு பெல்ட் போடாமக் கூட்டிட்டுப் போறீங்களே சார், இது நியாயமுங்களா?" என்று கேட்டு, தானே குனிந்து இடது இருக்கையின் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டார். டீக்கடைக்காரர் தெய்வசிகாமணிக்கு டீ கொடுக்கும்போது கூடவே ஒரு சின்ன டம்ளரில் பாலும் ஆற்றிக் கொடுத்தார். அதை அவர் காருக்குள் வைத்துவிட்டு, ஆறிய பிறகு தானே குடித்தார்.

பிறகு மற்றவர்கள் தங்கள் வண்டிகளைக் கொண்டுவந்தார்கள். வெள்ளலூரிலிருந்தும் ஈச்சனாரியிலிருந்தும் கிணத்துக்கடவிலிருந்தும், வீட்டில் ஒரு சாவு விழுந்தவர்கள் அத்தனை பேரும், ஆம்னி வேன்களையும் ஆட்டோக்களையும் மொபெட்டுகளையும் வரிசையில் நிறுத்திவிட்டு, கோயில் நடை திறக்கக் காத்திருப்பவர்களைப் போல நின்றார்கள். பிலோமினா காலையில் மூன்று மணி நேரம் அவர்களுக்கென்று ஒதுக்கினாள். அநேகமாக எல்லா வண்டியும் வெறும் வண்டியாகத்தான் இருந்தது. சிலர் அழுதார்கள்; சிலர் பலகை சரியில்லை என்று சண்டை பிடித்தார்கள்; பென்ஷன் வாங்குகிற ஒரு மனிதர், தன் அப்பா தன் காரில் இல்லை என்று தெரிந்ததும், பெரிய மூச்சு விட்டு, முதல் தடவையாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு போனார். மில்லில் வேலை பார்த்த அமீர்ஜான், மனைவி போன பிறகு தொடாமல் வைத்திருந்த மொபெட்டைத் தள்ளிக்கொண்டே வந்து நிறுத்தி, எடை பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் யோசித்து, "அவ எப்பவும் பஸ்ஸுலதானே போவா," என்று தனக்கே சொல்லிக்கொண்டு தள்ளிக்கொண்டே திரும்பினார். ஒரே ஒரு ஸ்கூட்டரில் மட்டும் மூன்று கிலோ அதிகம் காட்டியது. அதைக் கொண்டுவந்த இளம் பெண் கால் வைக்கும் இடத்தில் ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டுவிட்டு, ரோட்டோரமாக மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாள்.

வசுமதி மட்டும் வரவில்லை. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. காரில் இரண்டே இருக்கை. ஒன்றில் புருஷன், ஒன்றில் மகள். மகளோடு போக வேண்டுமென்றால் மகள் மேலேயே உட்கார வேண்டும். வாசலில் கார் நிற்கும்போது இடது ஜன்னல் பக்கமாக நின்று, கண்ணாடியின் மேல் கை வைத்திருப்பாள். சாவி எடுத்துக்கொண்டு அவர் வந்தால் உள்ளே போய்விடுவாள். ஒரு நாள் சமையலறையிலிருந்தே சொன்னாள்: "செத்த பொறவும் புள்ளைய நீங்களே வெச்சுக்கறீங்க."

மறுநாள் அவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். நாற்பது நாள் கழித்து லைசென்ஸோடும், பயத்தில் வியர்த்த கையோடும், அந்தச் சிவப்புக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு பிலோமினாவின் கடைக்கு வந்தாள்.

"எனக்கு ஏத்த மாதிரி வெச்சுக் குடுங்க்கா. அவர் எண்பது கிலோ. நான் ஐம்பத்தஞ்சு."

பிலோமினா காரைப் பலகையில் ஏற்றினாள். அந்த ஜூன் மாதம் மிதுனா இருபத்திரண்டரைக் கிலோ இருந்தாள். வசுமதி அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்தாள், திரை சூடாக இருக்கிறதா என்று பார்ப்பவளைப் போல. வேலை நடக்கும்போது சக்கரத்தின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டாள்.

"இது ஒல்லியா இருக்குதே. முன்ன பெருசாப் போட்டிருந்தாரே?"

பிலோமினா ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "அதப் போட்டது நாந்தானுங்க அம்மிணி. தண்ணியில மெதக்கும்னு எனக்குத் தெரியும்."

"அவர்கிட்டச் சொன்னீங்களா?"

"ஒருக்காச் சொன்னனுங்க."

வசுமதி அந்த ஒல்லி டயரைக் கையால் தடவினாள். அவள் கத்துவாள், காறித் துப்புவாள் என்று பிலோமினா காத்திருந்தாள். அப்படிச் செய்திருந்தால் பிலோமினாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

"ரெண்டாவது வாட்டி சொல்லியிருந்தீங்கன்னா கேட்டிருப்பாருங்க்கா," என்றாள் வசுமதி மெல்லிய குரலில். "அவர் எதையும் ரெண்டாவது வாட்டிதான் காதுல வாங்குவாரு."

அதற்குப் பிறகு அவள் வீட்டில் புருஷனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. தனக்கு எச்சரிக்கை வந்தது என்பதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அது வெளியே தெரியாமல் இருக்கும்வரை, மழைதான் செய்தது, ரோடுதான் செய்தது என்று உலகம் சொல்வதைத் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். இப்போது மனைவியின் மௌனம் எதைப் பற்றியது என்று அவருக்குத் தெரிந்ததும் தெரியாததுமாக இருந்தது.

பேச்சில்லாமலே வாரத்தைப் பிரித்துக்கொண்டார்கள். வேலை நாட்களில் மகள் அம்மாவோடு. சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு வசுமதி காரைக் கேட்டுக்கு எதிரே நிறுத்தி, பிள்ளைகள் எல்லாம் போய்த் தீரும்வரை இருப்பாள். சனி ஞாயிறு அப்பாவோடு. மைதானத்தில் பந்தயம் இல்லாத காலைகளில் காவல்காரர் கதவைத் திறந்துவிடுவார், தெய்வசிகாமணி முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு வளைவையும் இது இன்ன வளைவு என்று சொல்லிச் சொல்லிச் சுற்றிவருவார். வருஷத்துக்கு ஒரு நாள், ஜூனில் மிதுனாவின் பிறந்த நாளன்று மட்டும், வசுமதி காரிலும் அவர் பஸ்ஸிலுமாக வந்து, எடை பார்க்கப் பிலோமினாவின் கடையில் நிற்பார்கள். இருபத்தைந்து. இருபத்தெட்டு. முப்பத்தொன்று.

மிதுனாவோடு ஒன்றாம் வகுப்பில் படித்த பிள்ளைகளின் தாய்மார் பள்ளிக்கூட வாசலில் வசுமதியின் காரைச் சூழ்ந்துகொள்வார்கள். "எத்தனைங்க இருக்கா? முப்பத்தொண்ணா? எங்க வர்ஷினி முப்பத்தஞ்சு இருக்காளே. கொள்ளு வெச்சுக் குடுங்க, ராத்திரிக்குப் பால் குடுங்க," என்பார்கள். ஒரு கோடையில் அந்த வகுப்பு முழுவதுக்கும் அம்மை போட்டது. நான்காம் நாள் வசுமதிக்குச் சந்தேகம் வந்து, கடைக்கு ஓட்டி வந்து பார்த்தால் இரண்டு கிலோ இறங்கியிருந்தது. பிலோமினா அந்த இடத்தை விட்டுக் காரை நகர்த்த விடவில்லை. சுற்றிலும் வேப்பிலை கட்டினார்கள். தலைக்குத் தண்ணீர் விடுகிற நாள்வரை அந்தக் கடையில் யாரும் சுத்தியல் அடிக்கவில்லை, ஹார்ன் அடிக்கவில்லை. டயர் மாற்ற வந்த லாரிக்காரர்கள்கூட விஷயம் கேட்டு, வேறு கடைக்குப் போனார்கள்.

பதின்மூன்று ஆனபோது அந்த வகுப்புப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பெரியவளானார்கள். மிதுனா எப்போது ஆனாள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வசுமதியின் அண்ணன் தானே ஒரு நாள் பார்த்து, தாய்மாமன் வைக்க வேண்டிய தெரட்டிச் சீரை இருபத்தொரு தட்டில் எடுத்துக்கொண்டு, மேளத்தோடு டயர் கடைக்கு வந்தார். பட்டுப் பாவாடையும் தாவணியும் இடது இருக்கையில் மடித்து வைக்கப்பட்டன. பிலோமினா கிறிஸ்தவப் பெண்; தனக்குப் பிள்ளை இல்லாதவள் என்பதால் தட்டைத் தொடலாமா என்று ஓரமாக நின்றாள். வசுமதிதான் கையைப் பிடித்து இழுத்து, முதல் சந்தனத்தை அவளையே கார்க் கதவில் பூசச் சொன்னாள். அன்றிரவு பிலோமினா தன் புருஷனுக்குச் சோறு போட்டுவிட்டு, காரணம் சொல்லாமல் அழுதாள்.

இப்படியாகப் பதினோரு வருஷம் போனது. பிலோமினாவுக்கு முழங்கால் வலி வந்தது. தெய்வசிகாமணி மெலிந்தார், ஒவ்வொரு ஜூனிலும் அவர் பக்கத்து ஸ்பிரிங்கை இறக்கி, மகள் பக்கத்து ஸ்பிரிங்கை ஏற்ற வேண்டியிருந்தது.

பதினெட்டாவது பிறந்த நாள் அன்று காலையிலிருந்தே பாலக்காட்டுப் பக்கமிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வசுமதி காரைப் பலகையில் ஏற்றி நிறுத்தி, இறங்கிக் கதவைச் சாத்தினாள். தெய்வசிகாமணி குடையை மடக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். பிலோமினா திரையைப் பார்த்தாள். இடது பக்கம் எதுவும் இல்லை. வெறும் காரின் எடைதான் இருந்தது. பிறகுதான் வலது பக்கத்து எண்களைப் பார்த்தாள். அங்கே நாற்பத்தெட்டுக் கிலோ அதிகமாக இருந்தது.

பலகைகளை மாற்றி வைத்துப் பார்த்தாள். மறுபடியும் நாற்பத்தெட்டு, வலது பக்கம்.

"ஓட்டற சீட்டுக்கு வந்துட்டாளுங்க," என்றாள் பிலோமினா.

இனி அந்த இருக்கையில் அப்பாவும் உட்கார முடியாது, அம்மாவும் உட்கார முடியாது.

"பதினெட்டு முடிஞ்சுருச்சுல்ல," என்றாள் வசுமதி. "டயர் தேஞ்சிருக்குது. புதுசு போடுங்க்கா."

தெய்வசிகாமணி வாயைத் திறந்தார். "அவளுக்கு அகலமாப் போட்டாத்தான் புடிக்கும்..." என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்திக்கொண்டு, தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டார்.

"எல்லாப் புள்ளைகளுக்கும் அகலந்தான் சார் புடிக்கும்," என்றாள் பிலோமினா. அவள் யாரையும் கேட்கவில்லை. உள்ளே போய் நூற்றெண்பத்தைந்து அகலத்தில், தண்ணீர் ஓட ஆழமான வாய்க்கால் வெட்டிய நான்கு டயர்களை உருட்டிக்கொண்டு வந்தாள். மாட்டிக்கொண்டே சொன்னாள், இந்தத் தடவை காரைப் பார்த்து: "பின்னாடி அகலமாப் போட்டா மூக்கு வளைவ விட்டு வெளிய ஓடும். முன்னாடி அகலமாப் போட்டா வாலு சுத்தும். நாலும் ஒரே அளவுல இருந்தா, வழுக்கறதுக்கு முன்னாடியே ஸ்டியரிங்குல சேதி வரும் கண்ணு. தண்ணியப் பாத்தா கால எடுத்துரு. பிரேக்க மிதிக்காத. தண்ணியப் பாத்தா கால எடுத்துரு."

பிறகு அவள் பதினோரு வருஷமாக இடது பக்கம் ஏற்றி வைத்திருந்ததையெல்லாம் இறக்கினாள். நாற்பத்தெட்டுக் கிலோ எடையுள்ள ஒருத்தி தனியாகப் போகிற கார் எப்படி நேராக ஓட வேண்டுமோ, அப்படி வைத்தாள்.

இருக்கையை முன்னால் தள்ளி வைக்க வேண்டும் என்று வசுமதி குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். "அவ உசரம் என்னங்க?" என்று கேட்டாள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு புருஷனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

அவருக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. எடை மட்டும்தான் தெரியும். கடைசியில் வசுமதி இருக்கையைத் தன் உயரத்துக்கே வைத்து, கண்ணாடியைத் தன் கண்ணுக்கே திருப்பி, சாவியை அதன் துளையில் செருகிவிட்டு விலகினாள்.

கார் கிளம்பியது. முதலில் ஒரு தடவை அணைந்து, மறுபடி கிளம்பியது, புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு ஆவதைப் போல. பலகைகளிலிருந்து மெல்ல இறங்கி, ரோட்டோரம் வந்து, வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு காத்திருந்தது. எதிரே டீக்கடையிலிருந்த நல்லமுத்து, ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகியும், கைலியோடு எழுந்துபோய் நடு ரோட்டில் நின்று, கை நீட்டி ஒரு மணல் லாரியை நிறுத்தினார். கார் திரும்பியது. ரோட்டில் தேங்கியிருந்த தண்ணீரை நான்கு டயரும் சுத்தமாகக் கிழித்துக்கொண்டு செட்டிபாளையம் பக்கம் போக, டயர் போன இரண்டு கோடுகளும் கொஞ்ச நேரம் காய்ந்த ரோடாகத் தெரிந்து, பிறகு மழையில் மூடிக்கொண்டன.

யாரும் புகார் கொடுக்கவில்லை. கார் திரும்பி வரவில்லை.

தெய்வசிகாமணியும் வசுமதியும் ஒரே குடையில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். நிழற்குடையில் வேறு யாரும் இல்லை. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தக்கா எங்கிட்டச் சொன்னாங்க வசு. தண்ணியில மெதக்கும்னு சொன்னாங்க. நான் சிரிச்சேன்."

"தெரியும்," என்றாள் வசுமதி. "பதினோரு வருசமாத் தெரியும். நீங்க சொல்லட்டும்னு இருந்தேன்."

உக்கடம் போகிற டவுன் பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, ஈரமான குடையைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். போத்தனூர் வரும்வரை நின்றார். பாலம் ஏறும்போது அவள் குடையை எடுத்துக் காலடியில் போட்டுவிட்டு, கண்ணாடியில் ஓடும் மழையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அவர் உட்கார்ந்தார். பஸ் குலுங்கியபோதெல்லாம் இருவர் தோளும் இடித்துக்கொண்டன. இரண்டு பேரும் விலகிக்கொள்ளவில்லை.